மகளைக் கொழும்பில் பல்கலைக்கழகத்துக்கு விட வேண்டும்: என்னென்ன ஆயத்தம் செய்வது?

மலையப்பா
திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். என் மூத்த மகளுக்குக் கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். மனைவி கொழுந்து எடுக்கிறாள். நான் பதினொரு வருடமாகப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கொட்டாஞ்சேனையில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறேன்.

தோட்டத்தில் எல்லோரும், "அப்பா கொழும்பில்தானே இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்த கொழும்பு, கடைக்கும் அறைக்கும் கோட்டை ரயில் நிலையத்துக்கும் இடையில் உள்ளதுதான். பல்கலைக்கழகம் இருக்கும் பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்லை.

புதிய மாணவர்களுக்கான திசைமுகப்படுத்தல் நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. விடுதிக்கு விண்ணப்பித்துவிட்டோம், பதில் வரவில்லை. கிடைக்காவிட்டால் எங்கே இடம் தேடுவது? அன்றைக்கு நாங்கள் இருவரும் கூடப் போகலாமா, அல்லது அவளைத் தனியாக அனுப்புவதுதான் முறையா? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? பகிடிவதை, அதாவது மூத்த மாணவர்கள் புதியவர்களைத் துன்புறுத்துவது பற்றிப் பேச்சு எடுத்தாலே மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.

கோவைக்காரன்
திங்கள், இரவு 11.15

வாழ்த்துகள் ஐயா. என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சான்றிதழ்களுக்கென்று ஒரு கோவை போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து போட்டோப் பிரதி எடுத்து, மூலத்தையும் பிரதியையும் தனித்தனி உறையில் வையுங்கள். வரிசையில் நின்றுகொண்டு பிள்ளை தேடக் கூடாது.

அதைவிட முக்கியம், வருமானச் சான்று. விடுதி, உதவித்தொகை இரண்டுக்கும் கேட்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் எடுத்துப் பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்க வேண்டும். தோட்டத்து முகவரி என்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கொழும்புக்கு வந்தபின் ஒரு கையெழுத்துக்காக ஹட்டனுக்குத் திரும்புவது இரண்டு நாள் சம்பளம்.

வெள்ளவத்தை மாமி
செவ்வாய், காலை 6.05

தம்பி, நான் முப்பது வருடமாக வெள்ளவத்தையில் பெண் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை, எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இருந்து படித்துப் போயிருக்கிறார்கள். விடுதி கிடைத்தால் விடுதியே நல்லது. செலவு குறைவு, விரிவுரைக்கு நடந்து போகலாம், கூடப் படிக்கும் பிள்ளைகளோடு பழக்கம் வரும். தூரத்துப் பிள்ளைகளையும் வருமானம் குறைந்த குடும்பங்களையும் கவனித்துத்தான் கொடுப்பார்கள், ஆகவே நம்பிக்கையை விடாதீர்கள்.

கிடைக்காவிட்டால் அறை பார்க்க வேண்டும். பார்ப்பதென்றால் மாலை ஏழு மணிக்கு மேல் வந்து பாருங்கள். பகலில் எல்லா ஒழுங்கையும் நல்ல ஒழுங்கைதான். இருட்டியபின் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் இறங்கி அந்த வீட்டு வாசல்வரை நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, யார் நிற்கிறார்கள் என்று உங்கள் கண்ணே சொல்லும். வீட்டுக்குள் போனதும் முதலில் குளியலறைக் கதவின் கொண்டியைப் போட்டு இழுத்துப் பாருங்கள். அறைச் சாவி எத்தனை, மற்றச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற வீடு நமக்கு வேண்டாம்.

முற்பணத்துக்குக் கையெழுத்திட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். மின்சாரமும் தண்ணீரும் வாடகைக்குள்ளா வெளியிலா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கை என்றால் இரும்புப் பெட்டி கொண்டுவர வேண்டாம், உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும். கரையோர ரயில் சத்தத்துக்குப் பிள்ளைக்கு முதல் வாரம் தூக்கம் வராது, பிறகு பழகிவிடும்.

வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் 100 அல்லது 101 பஸ்ஸில் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி, பௌத்தாலோக மாவத்தை வழியே தும்முல்லைக்கு நடக்கலாம். புறக்கோட்டையிலிருந்து நீங்கள் போவதென்றால் 138. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாத நேரம் நீங்கள் ஒருதடவை தனியாகப் போய் வாருங்கள். அப்பாவுக்கு வழி தெரிந்தால் பிள்ளைக்குக் கால் நடுங்காது.

மூன்றாம்வருடக்காரி
செவ்வாய், பிற்பகல் 1.30

ஐயா, நானும் அதே பீடம்தான், மூன்றாம் வருடம். உங்கள் மகளுக்கு முதலில் என் அன்பைச் சொல்லுங்கள்.

அம்மாவும் அப்பாவும் கட்டாயம் வாருங்கள். முதல் நாள் பெற்றோர் வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை, வாசலில் பாதிக் கூட்டம் பெற்றோர்தான். பீடாதிபதியும் விரிவுரையாளர்களும் பேசுவார்கள். பாடத் தெரிவு, நூலகம், சுகாதார நிலையம், மாணவர் ஆலோசகர் யார் என்பதையெல்லாம் சொல்வார்கள். மாணவர் ஆலோசகர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மகள் கைபேசியில் மட்டும் வைத்தால் போதாது. அம்மாவின் கைபேசியிலும் இருக்கட்டும், ஒரு தாளில் எழுதி உங்கள் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

இனி, யாரும் எனக்குச் சொல்லித் தராத ஒன்று. நான் உயர்தரம் முழுவதும் தமிழில் படித்தவள். இங்கே விரிவுரை ஆங்கிலத்தில். முதல் பௌதிக விரிவுரையில் அரைமணி நேரம் 'அக்செலரேஷன்' என்று ஒரு சொல் வந்துகொண்டே இருந்தது. பலகையில் சமன்பாடு எழுதிய பிறகுதான் அது நான் இரண்டு வருடம் கணக்குச் செய்த ஆர்முடுகல் என்று விளங்கியது. விடுதிக்குப் போய் அழுதேன். தெரியாத பாடமில்லை, தெரிந்த பாடத்தின் பெயர்தான் தெரியவில்லை.

ஆகவே இந்த இரண்டரை வாரத்தில் மகளுக்கு ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். உந்தம், தாக்கவீதம், சமநிலை, வகையீடு என்று தன் பழைய குறிப்புகளிலிருந்து நாளுக்கு இருபது சொல் எழுதினால் போதும். ஆரம்பத்தில் ஆங்கிலப் பாடநெறி நடக்கும், அதில் ஒரு வகுப்பையும் விட வேண்டாம். என்னுடைய கொப்பி இப்போது மூன்று தங்கைகளிடம் கைமாறிவிட்டது, கேட்டால் உங்கள் மகளுக்கும் பிரதி எடுத்துத் தருவேன். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் உதவுவார்கள்.

கட்டுபெத்தைத் தந்தை
செவ்வாய், இரவு 8.50

நான் மாறாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். என் மகன் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். முதல் வருடம் அவனை விடுதிக்கு விடவில்லை, தெகிவளையில் என் தம்பி வீட்டிலிருந்துதான் போனான். பகிடிவதை நடப்பது பெரும்பாலும் விரிவுரை மண்டபத்தில் இல்லை, இரவில் தங்குமிடங்களில்தான். தெரிந்த குடும்பம் ஒன்று இருக்கும்போது ஏன் ஆபத்தை வாங்க வேண்டும்? கொட்டாஞ்சேனையில் உங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்றும் இல்லையா ஐயா?

மலையப்பா
செவ்வாய், இரவு 10.55

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டாஞ்சேனையில் அப்படியொரு வீடு எனக்கில்லை ஐயா. ஒரு பெண் பிள்ளையை வைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு எந்த வீட்டிலும் இல்லை. கொப்பி விஷயத்தை இன்றே மகளிடம் சொன்னேன். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள்.

ஒருவருடம் இழந்தவனின் அம்மா
புதன், அதிகாலை 5.20

அண்ணா, இரவெல்லாம் இந்த இழையை வாசித்துவிட்டு எழுதுகிறேன். பெட்டியில் என்ன வைப்பது என்பதை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தொலைபேசியைப் பற்றிச் சொல்கிறேன்.

என் மகன் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போனான். பெயர் வேண்டாம். எல்லாம் வாங்கிக் கொடுத்தேன், படுக்கை விரிப்பு முதல் நகவெட்டிவரை. இரண்டாம் வாரம் பேசும்போது, "அம்மா, இங்கே சாப்பாடு சரியில்லை" என்றான். நான், "எல்லாப் பிள்ளைகளும் அதைத்தானே சாப்பிடுகிறார்கள், நீ மட்டும் என்ன ராசாவா, கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்றேன். அடுத்த வாரமும் சாப்பாட்டைத்தான் சொன்னான். நான் ஊறுகாய் அனுப்பினேன். அதன்பிறகு அவன் சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் பேசவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆறாம் வாரம் ஒரு காலையில் பையோடு வாசலில் நின்றான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூத்த மாணவர்கள் சிற்றுண்டிச்சாலையில் அவனை மேசையில் உட்கார விடவில்லை. நின்றுகொண்டு, அவர்கள் சொல்லும்வரை காத்திருந்து, ஆறிய சோற்றைச் சாப்பிட வேண்டும். சில நாள் அதுவும் இல்லை. பிள்ளை எனக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். சாப்பாடு சரியில்லை என்று இரண்டு தடவை சொன்னான். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

அவன் திரும்பிப் போகவில்லை. ஒரு வருடம் வீட்டுக்குள் இருந்தான். பிறகு வேறு படிப்பு படித்து இப்போது வேலையில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த இடத்துக்காக அவன் இராத்திரி பகலாகப் படித்ததை நான் பார்த்தவள்.

"சாப்பிட்டாயா" என்று கேட்காதீர்கள் அண்ணா. அதற்கு எல்லாப் பிள்ளைகளும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "யாரோடு சாப்பிட்டாய்" என்று கேளுங்கள். பெயர் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம். பெயர் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் போங்கள். நீங்கள் கொழும்பிலேயே இருக்கிறீர்கள், அது பெரிய வரம். போகும்முன் ஒரு வார்த்தையையும் சொல்லி அனுப்புங்கள்: "எது நடந்தாலும் சொல், நான் உன்னை ஏச மாட்டேன், படிப்பை விட்டுவிட்டு வா என்றும் சொல்ல மாட்டேன்." இரண்டாவது பாதி முக்கியம். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் நிறையப் பெண் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

சட்டத்தரணி கிருலப்பனை
புதன், காலை 9.10

அம்மா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு வேலையில் மனம் போகவில்லை.

சட்டத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருங்கள். 1997ஆம் ஆண்டு பேராதனையில் பொறியியல் பீடப் புதிய மாணவர் ஒருவர், நம் தமிழ்ப் பிள்ளை, பகிடிவதையில் கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு வந்ததுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதை செய்தால் 2 ஆண்டுவரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ விளைவித்தால் 10 ஆண்டுவரை. இது பல்கலைக்கழக ஒழுக்க விதி மட்டுமல்ல, குற்றவியல் குற்றம். பொலிஸில் நேரடியாக முறையிடலாம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் அரசகரும மொழிதான். மொழி தெரியவில்லை என்பதற்காக எந்தப் பெற்றோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். நாள், நேரம், இடம், யார் இருந்தார்கள், அன்றன்றைக்கே எழுதி வைத்தால் பிறகு அது பலமான சான்று.

கட்டுபெத்தைத் தந்தை
புதன், காலை 10.00

அம்மாவின் பதிவைப் பார்த்தபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். என் மகனும் தம்பி வீட்டில் பத்திரமாக இருந்தான், ஆனால் அவனிடம் நான் இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றிரவு கேட்கப் போகிறேன்.

தாதி களுபோவில
புதன், இரவு 9.30

அண்ணன், மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன், அவசியம் மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் பக்கத்துக் குளிரில் கம்பளிதான் பழக்கம், நுளம்புவலை பழக்கமில்லை. கொழும்பில் கம்பளியை விட்டுவிட்டு வலையைக் கொண்டுவர வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பிற்பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரி வார்டுகளில் கட்டிலுக்குக் கீழேயும் நோயாளர்கள் படுத்திருந்தார்கள். அதில் வெளியூரிலிருந்து வந்து அறையில் தனியாக இருந்த மாணவர்கள் பலர். காய்ச்சல் வந்து நான்கு நாள் அறையிலேயே படுத்திருந்துவிட்டு, காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று எழுந்து விரிவுரைக்குப் போவார்கள். ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்வது, தலைசுற்றல், இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் முழு இரத்தப் பரிசோதனை. நாளை எண்ணுவதற்காகவே ஒரு வெப்பமானியும் சிறிய நாட்காட்டியும் கொடுத்தனுப்புங்கள். அறைத்தோழியிடமும் இதைச் சொல்லி வைக்கட்டும், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நாள் நினைவிருக்காது.

கோவைக்காரன்
வியாழன், காலை 7.00

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மகாபொல 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கிய புலமைப்பரிசில். மாதம் 5,000 ரூபாயாக இருந்ததை 7,500ஆக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். மகாபொல கிடைக்காத பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் எதுவும் முதல் மாதமே கைக்கு வந்துவிடாது. முதல் மூன்று மாதச் சாப்பாடும் பஸ் காசும் உங்கள் கையிலிருந்துதான் என்று கணக்குப் போடுங்கள். வாங்கும் சாமானைக் குறைத்து அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள். வாளியும் துடைப்பமும் கொழும்பிலேயே வாங்கலாம், ஹட்டனிலிருந்து ரயிலில் சுமக்க வேண்டாம்.

மலையப்பா
(பத்தொன்பது நாள் கழித்து) செவ்வாய், இரவு 11.05

எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

விடுதி கிடைத்துவிட்டது, போவதற்கு இரண்டு நாள் முன்புதான் தெரியவந்தது. அதற்கு முந்திய ஞாயிறு மாமி சொன்னபடி புறக்கோட்டையில் 138 ஏறித் தும்முல்லையில் இறங்கினேன். வளாகத்தைச் சுற்றி இருமுறை நடந்தேன். பெரிய மரங்கள், வீதி முழுவதும் நிழல். பதினொரு வருடமாக நான் வெங்காய மூட்டை எண்ணிய இடத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இப்படி ஒரு இடம் இருந்திருக்கிறது.

மனைவி தோட்டத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு ரயிலில் வந்தாள். அவள் கொழும்புக்கு வருவது இது இரண்டாவது தடவை. இரும்புப் பெட்டி இல்லை, இரண்டு துணிப்பை மட்டும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய், எல்லாவற்றின் மூலையிலும் சிவப்பு நூலால் மகளின் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருந்தாள். கொழுந்து எடுத்துக் கறுத்த விரல், ஊசி பிடித்து இரவிரவாகத் தைத்திருக்கிறாள். எதற்கென்று கேட்டேன். "அத்தனை பிள்ளைகளுக்குள் அவள் சாமான் தொலையக் கூடாது" என்றாள்.

நிகழ்ச்சியில் ஆங்கிலத்தில் பேசியது அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு மாணவி மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் கொப்பி ஒன்றை மகளின் கையில் கொடுத்தாள். அது இந்த இழையில் எழுதிய மூன்றாம்வருடக்காரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. மகளே, உன் பெற்றோரைப் பார்த்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

புறப்படும்போது அந்த அம்மா எழுதிக்கொடுத்த வார்த்தையைச் சொன்னேன். ஏச மாட்டேன் என்றபோது மகள் தலையாட்டினாள். படிப்பை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன் என்றபோதுதான் அழுதாள். எத்தனை நாளாக அந்தப் பயத்தை மனதில் வைத்திருந்தாளோ.

முந்தாநாள் இரவு மனைவி தோட்டத்திலிருந்து தொலைபேசியில் அவளிடம், "யாரோடு சாப்பிட்டாய்" என்று கேட்டாளாம். மன்னாரிலிருந்து ஒரு பிள்ளை, மாத்தறையிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளை, இரண்டு பெயரும் உடனே வந்ததாம். மாத்தறைப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, இவளுக்குச் சிங்களம் அரைகுறை, இரண்டு பேரும் அந்தக் கொப்பியில் மூன்றாவதாக ஒரு வரிசை போட்டுச் சிங்களச் சொல்லையும் எழுதுகிறார்களாம்.

நுளம்புவலை கட்ட ஒரு பக்கம் ஆணி இல்லையாம். நாளை மறுநாள் கடை சாத்தியதும் கயிறு வாங்கிக்கொண்டு போகிறேன்.